நகரும் பாலைவனமும் அடிக்கட்டையின் துளிரும்: சாகேல் நில மீட்பின் வரலாறு (1935–2023)

ஆய்வுச் சுருக்கம்

சகாராவின் தென்விளிம்பில் அமைந்த சாகேல் நிலப்பகுதி, பாலைவனமாதல் குறித்த உலகளாவிய கருத்தாக்கத்தின் பிறப்பிடமாகவும் ஆய்வுக்களமாகவும் விளங்கியுள்ளது. பாலைவனம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நகர்கிறது என்னும் கருத்து 1930களில் காலனிய வனவியலாளரிடையே உருவாயிற்று. அக்கருத்து உழவனைக் குற்றவாளியாக்கியது. மரத்தை அரசின் உடைமையாக்கிய சட்டங்களுக்கு நியாயமும் வழங்கியது. புர்க்கினா பாசோவின் யாத்தெங்காவிலும் நைஜரின் தென்பகுதியிலும் 1980களுக்குப் பின் நிகழ்ந்த நில மீட்பு இதற்கு மாறான பாதையில் அமைந்தது. அம்மீட்பில் தொழில்நுட்பத்தைக் காட்டிலும் மரத்தின் மீதும் நிலத்தின் மீதும் உழவர் பெற்ற உரிமையே தீர்மானிக்கும் காரணியாக இருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாலைவனமாதல், சாகேல், நிலச்சீரழிவு, வனச்சட்டம், சாய் குழி, மறுதுளிர் பேணல்.

முன்னுரை

பாலை என்பதைத் தமிழ் மரபு தனி நிலமாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் தெய்வத்தையும் இணைத்துக் கூறுமிடத்தில் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கே இடம்பெறுகின்றன. காட்டு நிலமும் மலை நிலமும் வெம்மையால் நிலைமாறிப் பாலையாவதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை பேசுகிறது. அதாவது, பாலை வேறோர் இடத்திலிருந்து வந்து சேர்வதன்று. இருக்கும் நிலமே தன் இயல்பை இழந்து அடையும் நிலை அது. 'பாலைவனமாதல்' என்று இன்று வழங்கும் கலைச்சொல்லிலும் 'ஆதல்' என்னும் வினையே உயிராக நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலக அரங்கில் செல்வாக்குப் பெற்றிருந்தது இதற்கு நேர் மாறான உருவகம். பாலைவனம் படையெடுத்து வருகிறது, அதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதே அது. படையெடுப்பு என்றால் எல்லை வேண்டும், அரண் வேண்டும். உள்ளிருந்து பகைவனுக்கு வழிவிடும் துரோகியும் வேண்டும். சாகேலில் அத்துரோகியாகக் காட்டப்பட்டவர்கள் மரம் வெட்டும் உழவரும் ஆடு மேய்க்கும் இடையருமே. உருவகம் சொல்லாட்சியோடு நின்றிருந்தால் வரலாற்றாய்வுக்கு அதில் பெரிய வேலை இராது. அது சட்டமாகவும், திட்டமாகவும், அபராதமாகவும் உருக்கொண்டது.

வறண்ட பருவத்தில் ஒரு பயணம்

எட்வர்ட் பெர்சி ஸ்டெப்பிங் இந்திய வனத்துறையில் பணியாற்றியவர். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வனவியல் பேராசிரியரானார். இந்தியக் காடுகளின் நிருவாக வரலாற்றை மூன்று தொகுதிகளாக 1922க்கும் 1926க்கும் இடையில் வெளியிட்டவர் என்ற வகையில் தமிழக ஆய்வாளர்க்கும் இவர் அறிமுகமானவரே. 1934இல் இவர் மேற்கு ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார். காய்ந்த புல்லையும், இலையுதிர்த்த மரங்களையும், காற்றில் பறந்த மணலையும் கண்டார். மறு ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவரும் புவியியல் இதழில் சகாரா முன்னேறி வருகிறது என்றும், மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளுக்கு அது பேராபத்து என்றும் எழுதினார். நாடுகளின் எல்லைகளைக் கடந்து நீளும் காட்டு அரண்களை வளர்க்க வேண்டும் என்பது அவரது பரிந்துரை.

அவர் சென்றது வறண்ட பருவம். சாகேலில் மழை ஆண்டுக்கு மூன்று நான்கு மாதங்களே பெய்யும். எஞ்சிய மாதங்களில் அந்நிலத்தைக் காண்பவர் எவரும் பாலைவனத்தைக் கண்டதாகவே எண்ணுவர். கோடையில் இராமநாதபுரத்துக் கண்மாயைப் பார்த்தவர், அங்கு நீர் நின்றதே இல்லை என்று எழுதுவது போன்ற பிழை இது.

ஸ்டெப்பிங்கின் எச்சரிக்கையை ஆராய ஆங்கிலேய, பிரெஞ்சு அரசுகள் கூட்டாக ஒரு வன ஆணையத்தை அமைத்தன. 1936–37இல் நைஜீரியா, நைஜர் எல்லைப் பகுதியில் அது ஆய்வு நடத்தியது. பாலைவனம் பெருமளவில் முன்னேறுவதற்கும் மணல் பரவுவதற்கும் சான்று இல்லை என்பதே ஆணையத்தின் முடிவு. ஆணையத்தில் இடம்பெற்ற நிலவியலாளர் பிரின்மோர் ஜோன்ஸ் 1938இல் அதே புவியியல் இதழில் இம்முடிவுகளை விளக்கி எழுதினார். எச்சரிக்கை புகழ்பெற்ற அளவுக்கு மறுப்பு புகழ்பெறவில்லை.

'பாலைவனமாதல்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை 1927இலேயே லூயி லவோடன் என்னும் வனவியலாளர் பயன்படுத்தியிருந்தார். அதைப் பரவலாக்கியது ஆந்த்ரே ஓப்ரேவில் 1949இல் வெளியிட்ட, வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் தட்பவெப்பமும் காடுகளும் குறித்த நூல். ஓப்ரேவில் கூறியது சகாராவின் படையெடுப்பை அன்று. காடு அழிந்து, தீயாலும் அரிப்பாலும் மேல்மண் போய், ஓரளவு நல்ல மழை பெறும் நிலங்களே பாலைத்தன்மை அடைவதையே அவர் விவரித்தார். இவ்வகையில் அவரது கருத்து தமிழ்த் திணைமரபின் பாலைக்கு ஸ்டெப்பிங்கின் கருத்தைவிட நெருக்கமானது. ஆயினும் சொல்லை அவரிடமிருந்து பெற்றுக்கொண்ட உலகம், பொருளை ஸ்டெப்பிங்கிடமிருந்தே பெற்றுக்கொண்டது.

மரம் யாருடையது?

ஸ்டெப்பிங்கின் கட்டுரை வெளிவந்த அதே 1935ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்கான வன ஆணை பிறப்பிக்கப்பட்டது. உரிமையாளர் அற்றதாகவும் பயன்படுத்தப்படாததாகவும் கருதப்பட்ட நிலங்கள் அரசின் வன உடைமையாயின. பத்தாண்டுகள் உழப்படாத தரிசும் அவ்வாறே கொள்ளப்பட்டது. மண் வளம் மீள்வதற்காக நிலத்தைப் பல ஆண்டுகள் ஆறப்போடுவது சாகேல் உழவின் அடிப்படை. அவ்வாறு ஆறவிட்ட நிலம் சட்டத்தின் கண்ணில் கைவிடப்பட்ட நிலமாயிற்று. இதனினும் ஆழமான விளைவு ஒன்று உண்டு. பட்டியலிடப்பட்ட மரவகைகள் உழவனின் வயலுக்குள்ளேயே நின்றாலும் அவற்றை வெட்டவும் கிளை கழிக்கவும் வன அலுவலரின் அனுமதி தேவைப்பட்டது. மீறியவர்க்கு அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன.

இந்தச் சிந்தனை ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1878இன் இந்திய வனச்சட்டம் மக்களின் வழக்காறுகளை உரிமை என்னாது சலுகை என்றே வகைப்படுத்த முயன்றது. சென்னை மாகாண வருவாய் வாரியம் இந்நோக்கை ஏற்காது, காடுகளில் ஊரார்க்கு வழிவழி உரிமை உண்டு என வாதிட்டதும், அதன் விளைவாக அம்மாகாணத்துக்கு 1882இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டதும் இந்திய வன வரலாற்றாய்வில் பலரும் எடுத்துக்காட்டிய செய்திகள். மேற்கு ஆப்பிரிக்காவில் அத்தகைய எதிர்வாதம் நிருவாகத்தின் உள்ளிருந்து எழுந்ததாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பின்னும் சட்டத்தின் உள்ளுறை மாறவில்லை. நைஜர் 1974இல் இயற்றிய வனச்சட்டமும் பாதுகாக்கப்பட்ட மரங்களின் பட்டியலைத் தக்கவைத்துக்கொண்டது. உழவனின் பார்வையில் இதன் கணக்கு எளியது. வயலில் முளைக்கும் மரக்கன்றை விட்டுவைத்தால் அது வளர்ந்து அரசின் மரமாகும். பின்னர் அதன் கிளையைத் தொட்டாலும் அபராதம். ஆகவே, கன்றாக இருக்கும்போதே களையாகக் கருதி வெட்டிவிடுவதே அறிவுடைமை. மரத்தைக் காக்க வந்த சட்டம் மரம் வளராமலிருப்பதற்கான காரணமாயிற்று.

இயந்திரங்கள் கட்டிய வரப்புகள்

விடுதலைக்குப் பிந்தைய முதல் பெரும் மீட்பு முயற்சி, அன்று மேல் வோல்ட்டா எனப்பட்ட புர்க்கினா பாசோவின் யாத்தெங்கா பகுதியில் நடைபெற்றது. மக்கள்தொகை நெருக்கம் மிகுந்த அப்பகுதியில் மண்ணரிப்பும் மிகுதி. 1962 முதல் 1965 வரை ஐரோப்பிய நிதியுடன் கனரக இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டு, ஏறத்தாழ 120,000 எக்டேர் பரப்பில் சம உயரக் கோட்டையொட்டி மண் வரப்புகள் அமைக்கப்பட்டன. பொறியியல் நோக்கில் திட்டத்தில் குறைசொல்ல அதிகம் இல்லை.

ஆனால் வரப்பு எங்கே வரும், எதற்காக வரும் என்று ஊராரிடம் எவரும் கலந்துபேசவில்லை. நடைபாதைகளும் வயலெல்லைகளும் குறுக்கே வெட்டுப்பட்டன. மேலிருந்து வழிந்துவரும் நீரை நம்பி விதைத்த தாழ்வயல்களுக்கு நீர் வராமற் போனது. உழவர் வரப்புகளைப் பேணவில்லை. சில இடங்களில் உடைத்தும் விட்டனர். சில ஆண்டுகளில் மழை எஞ்சியவற்றைக் கரைத்தது. அழிவுக்குக் காரணம் உழவனின் அறியாமை என்று அன்று எழுதப்பட்டது. அந்த வரப்புகள் வேறொருவருடையவை என்று உழவன் கருதியது அறியாமை ஆகாது. அது உண்மை நிலையே.

பஞ்சமும் ஓர் எண்ணும்

1968இல் தொடங்கி 1974 வரை நீடித்த வறட்சி சாகேலை உலகின் கண்முன் கொண்டுவந்தது. 1973இல் சாகேல் நாடுகள் வறட்சி எதிர்ப்புக்கெனத் தமக்குள் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. 1977இல் நைரோபியில் பாலைவனமாதல் குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியது.

இக்காலத்தில் உலகெங்கும் திரும்பத்திரும்ப எடுத்தாளப்பட்ட எண் ஒன்று உண்டு: ஆண்டுக்கு 5.5 கி.மீ. சூடானில் ஹியூ லாம்ப்ரே 1975இல் மேற்கொண்ட வான்வழி ஆய்விலிருந்து இது பிறந்தது. 1958இல் வெளியான தாவர வரைபடத்தில் குறிக்கப்பட்ட பாலைவன எல்லையைத் தாம் கண்ட எல்லையுடன் ஒப்பிட்டு, 17 ஆண்டுகளில் 90 முதல் 100 கி.மீ. வரை பாலைவனம் தெற்கே நகர்ந்ததாக அவர் கணித்தார். வகுத்தால் கிடைப்பது இந்த எண். முந்தைய எல்லை, மழையளவுக் கோட்டை அடியொற்றி வரையப்பட்டது. பிந்தையது கடும் வறட்சியை அடுத்த காலத்தில் காணப்பட்டது. இரண்டு வேறு அளவைகளுக்கு இடையிலான தொலைவைப் பாலைவனத்தின் நடைவேகமாகக் கொண்டது முறையியல் பிழை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் ஹெல்டன் 1980களில் அதே பகுதியை ஆராய்ந்து, அத்தகைய தொடர் நகர்வுக்குச் சான்று இல்லை என்றார். 1991இல் டக்கர், டிரெக்னி, நியூகோம்ப் ஆகியோர் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு, 1980 முதல் 1990 வரை சகாராவின் தென்னெல்லை மழைக்கேற்பத் தெற்கே வந்ததையும் வடக்கே பின்வாங்கியதையும் காட்டினர். 1984க்கும் 1985க்கும் இடையில் மட்டும் எல்லை நூறு கி.மீ. அளவில் வடக்கே சென்றது.

வறட்சிக்கான பழியும் பின்னாளில் இடம் மாறியது. மிகை மேய்ச்சலால் தரை வெளிறி, சூரிய ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பி, மழையைக் குறைக்கிறது என்னும் கருதுகோளை ஜூல் சார்னி 1975இல் முன்வைத்திருந்தார். 2003இல் ஜியன்னினி, சரவணன், சாங் ஆகியோரின் ஆய்வு, சாகேல் மழையின் ஏற்றத்தாழ்வைப் பெரிதும் நிர்ணயித்தது கடல் மேற்பரப்பின் வெப்பநிலையே என்று காட்டியது. நிலத்தின் நிலை அதை மிகைப்படுத்தியிருக்கலாம், தொடங்கிவைக்கவில்லை. ஆட்டிடையனுக்கு எதிரான வழக்கு இவ்வாறு வலுவிழந்தபோது, அவ்வழக்கை நம்பி வகுக்கப்பட்ட கொள்கைகள் கால் நூற்றாண்டைக் கடந்திருந்தன.

இதனால் நிலச்சீரழிவே நிகழவில்லை என்று பொருளாகாது. மேல்மண் போனதும், தரை இறுகியதும், விளைச்சல் வீழ்ந்ததும் மெய். 1994 ஜூன் 17 அன்று பாரிசில் ஏற்கப்பட்டு 1996 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. உடன்படிக்கை, பாலைவனமாதலை வறள்நிலங்களில் தட்பவெப்ப மாற்றத்தாலும் மனிதச் செயல்களாலும் நேரும் நிலச்சீரழிவு என்றே வரையறுத்தது. முன்னேறும் பாலைவனம் அவ்வரையறையில் இடம்பெறவில்லை.

குழியும் கல்லும் டியூப் மட்டமும்

யாத்தெங்காவில் இறுகிப்போன வெற்றுத்தரைக்கு 'சிப்பேலே' என்று பெயர். மழைத்துளி விழுந்த வேகத்தில் மேற்பரப்பு ஓடு போல இறுகிவிடுவதால் நீர் உள்ளிறங்காது வழிந்தோடும்; விதை முளைக்காது. இத்தகைய நிலத்தில் சிறு குழிகள் தோண்டி விதைக்கும் பழைய வழக்கம் அங்கு உண்டு. மோரே மொழியில் அதன் பெயர் 'சாய்'. விடியலில் எழுந்து விரைந்து நிலத்தைத் திருத்துதல் என்று அச்சொல்லுக்கு விளக்கம் தருவர். 1980களின் தொடக்கத்தில் வறட்சி மீண்டும் கடுமையானபோது, வாகிகூயா நகருக்கு அருகிலுள்ள கூர்கா என்னும் ஊரின் யாக்கூபா சவடோகோ இவ்வழக்கத்தை மாற்றியமைத்தார்.

அவர் செய்தவை மூன்று. குழியின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டினார். குழிகள் பொதுவாக 20 முதல் 30 செ.மீ. விட்டமும் 10 முதல் 20 செ.மீ. ஆழமும் கொண்டவை. மழைக்காகக் காத்திராது வறண்ட பருவத்திலேயே தோண்டினார். குழிக்குள் எருவும் குப்பையும் இட்டார். எருவைத் தேடி வரும் கறையான்கள் குழியின் அடியில் வளை அமைக்கும். அவ்வளைகளின் வழியே மழைநீர் உள்ளிறங்கும். கறையானைப் பகையாகவே காணும் வேளாண் அறிவியலுக்கு இது தலைகீழான பாடம். எருவில் கலந்திருந்த மர விதைகளும் கம்புக்கும் சோளத்துக்கும் இடையே முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டார். வயல் காடாகத் தொடங்கியது இப்படித்தான்.

ஊரார் அவரைப் பித்தர் என்றனர். அவர் வளர்த்தவற்றுக்குத் தீயும் வைக்கப்பட்டது. உழைப்பும் சிறிதன்று, ஒரு எக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள், அதுவும் வெயிலில் இறுகிய தரையில், கைக்கொத்தால். ஆயினும் முன்பு ஒன்றும் விளையாத தரையில் குறைமழை ஆண்டிலும் எக்டேருக்கு 300 முதல் 400 கிலோ வரை தானியம் கிடைக்கலாயிற்று. நல்ல மழையாண்டில் 1,500 கிலோவையும் எட்டியது. 1984 முதல் அவர் தம் ஊரில் 'சாய் சந்தை' நடத்தினார். சுற்றுவட்டார உழவர் விதைகளையும் அனுபவங்களையும் அங்குப் பகிர்ந்துகொண்டனர். வேளாண் விரிவாக்கத் துறை எதுவும் இதில் இல்லை.

அதே யாத்தெங்காவில் 1979இல் ஆக்ஸ்பாம் நிதியுதவியுடன் ஒரு வேளாண் காட்டுத் திட்டம் தொடங்கியது. நெகேவ் பாலைவனத்து முறைகளைப் பின்பற்றி, சிறு நீர்ப்பிடிப்புகள் அமைத்து மரம் நடுவது அதன் நோக்கம். உழவர் அந்நீர்ப்பிடிப்புகளில் மரத்தைவிடத் தானியத்தையே விரும்பி விதைத்தனர். திட்டத்தார் அதை மீறலாகக் கருதாமல் திட்டத்தையே மாற்றினர். இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க தருணம் இது. இலக்கைக் கைவிட்டு மக்களின் தேவையைப் பின்தொடர்ந்த திட்டங்கள் மிகக் குறைவு. பழைய வழக்கமான கல்வரிசையை எடுத்துக்கொண்டு, அதைச் சம உயரக் கோட்டில் அமைக்கக் கற்பித்தனர்.

சிக்கல் அந்தக் கோட்டைக் கண்டறிவதில் இருந்தது. யாத்தெங்காவின் சரிவு மிக மென்மையானது; வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. நில அளவைக் கருவிகள் விலை மிகுந்தவை, எழுத்தறிந்தோர்க்கே உரியவை. பீட்டர் ரைட் முதலானோர் அறிமுகப்படுத்திய தீர்வு, இரு கழிகளில் கட்டிய ஒளிபுகும் நெகிழிக் குழாயும் அதில் நிரப்பிய நீரும் மட்டுமே. நம் கொத்தனார்கள் கட்டுமானத்தில் மட்டம் பார்க்கும் அதே டியூப் மட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாட்களில் பழகிக்கொள்ளலாம். கல்வரப்பு மண்வரப்பைப் போல நீரை முற்றும் தடுப்பதில்லை. மெதுவாக வடியவிட்டு வண்டலையும் இலைதழையையும் பிடித்துவைக்கிறது. உடைந்தால் உழவனே கல்லை எடுத்து வைக்கலாம். 1965இன் வரப்புக்கும் இதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே: எங்கே அமைப்பது என்பதை வயலுக்குரியவர் முடிவு செய்தார்.

தரைக்கு அடியில் இருந்த காடு

நைஜரின் வரலாறு மரநடவில் தொடங்குகிறது. 1970களின் நடுவில் மாஜியா பள்ளத்தாக்கில் கேர் நிறுவனத்தின் ஆதரவில் காற்றுத்தடுப்பு வரிசைகளாக வேம்பு நடப்பட்டது. இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற மரம் அது. காற்றின் வேகம் குறைந்து பயிர் செழித்தது. ஆனால் மரங்களை வெட்டிப் பயன்கொள்ளும் பருவம் வந்தபோது, அவை நிலத்துக்குரியவருடையனவா, ஊருடையனவா, அரசுடையனவா என்னும் வினாவுக்குத் தெளிவான விடையில்லை. வேறு பல இடங்களில் நடப்பட்ட கன்றுகள் அந்த வினா எழும் வரைகூட நீடிக்கவில்லை; வறட்சியும் ஆடும் அவற்றை முடித்தன.

1980களின் தொடக்கத்தில் மராடிப் பகுதியில் பணியாற்றிய ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோவின் அனுபவமும் அதுவே. 1983இல் கன்றுகளை ஏற்றிச்சென்ற வழியில், மணற்பாதைக்காக வண்டிச் சக்கரங்களின் காற்றைக் குறைக்க நின்றபோது அருகிலிருந்த புதரை அவர் உற்றுநோக்கியதாகக் கூறியுள்ளார். புதர் எனத் தோன்றியது, வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து எழுந்த துளிர்க்கூட்டம். வேர் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் உழவர் வெட்டியெறிந்ததால் அது மரமாக வளரவில்லை. அத்தகைய அடிக்கட்டைகள் வயலெங்கும் இருந்தன. நட வேண்டிய தேவையே இல்லை. சில தண்டுகளை மட்டும் விட்டுப் பிறவற்றைக் கவாத்து செய்தால் போதும். இதனை இக்கட்டுரை மறுதுளிர் பேணல் எனக் குறிக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பு என்பது ஓரளவே பொருந்தும். வயலில் மரங்களை விட்டுவைத்து உழும் வழக்கம் சாகேலில் மிகப் பழையது. கௌசா மொழியில் 'காவோ' எனப்படும் மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்து வறண்ட பருவத்தில் தழைக்கும் இயல்புடையது. பயிரோடு ஒளிக்குப் போட்டியிடாது, இலையால் மண்ணை வளப்படுத்தும், காயால் கால்நடைக்குத் தீனியாகும். இதனை அறியாத உழவர் அங்கு இல்லை. அறிந்தும் வளர்க்காததற்கான காரணம் மேலே கண்ட சட்டத்தில் இருந்தது.

1984இன் பஞ்சத்தின்போது, உணவுக்கு ஈடாக வேலை என்னும் திட்டத்தின் கீழ் மராடிப் பகுதி ஊர்களில் துளிர்களைப் பேணுவது நிபந்தனையாக்கப்பட்டது. மரங்கள் எழுந்தன. உணவு வழங்கல் நின்றதும் அவற்றில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. கூலிக்காக வளர்த்த மரம் கூலியோடு போயிற்று. ஆனால் சிலர் விட்டுவைத்தனர். அவர்களது வயல்களில் மணற்காற்றால் இளம்பயிர் புதைவது குறைந்தது. விறகு வயலிலேயே கிடைத்தது. இதற்கிடையே, தாம் வளர்த்த மரத்தைத் தாமே கவாத்து செய்து விற்பவரைத் தண்டிப்பதில்லை என வட்டார அளவில் வன அலுவலர்களின் கட்டுப்பாடு தளர்ந்தது. 1987இல் குடியரசுத் தலைவர் குன்ட்ச்சே இறந்த பின் மைய அரசின் பிடி நெகிழ்ந்ததும், 1993இன் ஊரக நிலச்சட்ட நெறிகளும், 2004இன் புதிய வனச்சட்டமும் மரம் தமதே என்னும் உணர்வைப் படிப்படியாக உறுதிப்படுத்தின. சட்டம் முதலில் மாறி மக்கள் பின்தொடரவில்லை. நடைமுறை முன்சென்றது, சட்டம் பின்னால் வந்தது.

இம்மாற்றத்தை வெளியுலகம் இருபது ஆண்டுகள் அறியவில்லை. 2000த்துக்குப் பின் கிறிஸ் ரைஜ், கிரே டப்பன் ஆகியோர் 1975இன் வான்வழிப் படங்களைப் புதிய செயற்கைக்கோள் படங்களுடன் ஒப்பிட்டபோதுதான், தென் நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் எக்டேர் வயல்களில் மரங்கள் அடர்ந்திருப்பது தெரியவந்தது. 1990களின் நடுவிலிருந்து மழை ஓரளவு மீண்டது இதற்குத் துணைசெய்தது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் எல்லைக்கு அப்பால், அதே மழையும் ஒத்த மண்ணும் கொண்ட நைஜீரியப் பகுதியில் மரங்கள் குறைவாகவே இருந்ததை ரைஜ் சுட்டிக்காட்டியுள்ளார். இம்மீட்பை மழை ஒன்றைக்கொண்டு விளக்க முடியாது.

சுவராகத் திரும்பிய உருவகம்

உழவர் நிகழ்த்திய மீட்பு கணக்கிடப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பழைய உருவகமும் புத்துயிர் பெற்றது. ரிச்சர்ட் செயின்ட் பார்ப் பேக்கர் 1952இல் சகாராவில் பயணம் செய்து பசுமை அரண் ஒன்றை வேண்டியிருந்தார். 2005இல் நைஜீரியக் குடியரசுத் தலைவர் ஒபசாஞ்சோ அத்தகைய எண்ணத்தை முன்வைக்க, 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் அதனைப் 'பெரும் பசுமைச் சுவர்' என ஏற்றது. டக்காரிலிருந்து ஜிபூட்டி வரை ஏறத்தாழ 8,000 கி.மீ. நீளமும் 15 கி.மீ. அகலமும் கொண்ட மரவரிசை என்பது தொடக்கக் கற்பனை. 2030க்குள் 10 கோடி எக்டேர் மீட்பு இலக்கு. 2020இல் வெளியான ஐ.நா. மதிப்பீடு, திட்டத்துக்கென வரையறுத்த பரப்பில் 40 லட்சம் எக்டேர் அளவே மீட்கப்பட்டதாகக் கூறியது. இன்று திட்டத்தார் சுவர் என்பதைப் பல்வகை மீட்பு முயற்சிகளின் தொகுப்பு என்றே விளக்குகின்றனர். பெயர் மட்டும் மாறவில்லை. நிதி வழங்குவோர்க்குச் சுவர் எளிதில் விளங்குகிறது, அடிக்கட்டை விளங்குவதில்லை.

மீட்ட நிலம் யாருக்கு?

உரிமையே மீட்பின் அடித்தளம் என்னும் முடிவு இன்னொரு வினாவைக் கொண்டுவருகிறது: யாருடைய உரிமை? 1989இல் நைஜரின் இல்லேலா வட்டாரத்து உழவர் 13 பேர் யாத்தெங்காவுக்குச் சென்று சாய் குழிகளைக் கண்டு திரும்பினர். 'தஸ்ஸா' என்னும் பெயரில் அது அங்குப் பரவியது. அதுவரை எவரும் விரும்பாத இறுகிய தரைக்கு விலை வந்தது. வாங்கவும் விற்கவும் தொடங்கினர். குழி தோண்ட ஆள் வைக்க வசதியுள்ளவர் வாங்கினர். கைம்முதல் அற்றவர் விற்றனர். வெற்றுத்தரை எவருக்கும் பயன்படாதது என்று அலுவல் ஆவணங்கள் கொண்டாலும், மந்தையோடு கடந்து செல்லும் புலானி இடையர்க்கு அது வழியாகவும், தழைத்த இடங்களில் மேய்ச்சலாகவும் இருந்தது. அறுவடைக்குப் பின் அவர்களது மாடுகளை வயலில் கட்டி எருவைப் பெறுவது, நம் நாட்டில் கிடை போடுவதை ஒத்த பழைய உடன்பாடு. வயல் விரிந்த இடங்களில் அவ்வுடன்பாட்டுக்கான இடம் சுருங்கியது. மீட்பைப் போற்றும் எழுத்துகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன.

உழவனின் உரிமையும் உறுதியானதன்று. புர்க்கினா பாசோவில் 1984இன் நிலச்சீர்திருத்தம் நிலம் முழுவதையும் அரசின் உடைமை என அறிவித்தது. சவடோகோ தம் முதல் சாய் சந்தையைக் கூட்டியதும் அதே ஆண்டில்தான். பின்னர் அவர் வளர்த்த காடு 60க்கும் மேற்பட்ட மரவகைகளைக் கொண்டு விரிந்தது. சுற்றியிருந்தோர் மருந்துக்கும் உணவுக்கும் அதை நாடினர். வாகிகூயா நகரம் வளர்ந்தபோது அந்நிலம் நகர விரிவாக்க எல்லைக்குள் வந்தது. சட்டத்தின் முன் அவரிடம் பட்டா இல்லை. நாற்பதாண்டு உழைப்பு ஆவணமாகவில்லை. காட்டின் ஒரு பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டு வீடுகள் எழத் தொடங்கின. 2018இல் அவருக்கும் ரினாடோவுக்கும் ஒரே மேடையில் வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது. 2020இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அவரைப் பாராட்டியது. 2023 டிசம்பரில் அவர் இறந்தார். அதற்குள் வாகிகூயாவின் வீடுகள் அவர் வளர்த்த மரங்களை எட்டியிருந்தன.